பதிமூன்று காப்பி

இருபது வருஷமாகத் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த இருபது வருஷத்தில் செய்த முட்டாள்தனங்களை வரிசையாக எழுதினால் ஒரு கட்டுத் தாள் போதாது. ஒரு வக்கீலின் பத்திரத்துக்குப் பதிலாக என் உள்ளங்கையை நாற்பது காப்பி எடுத்திருக்கிறேன். ஒரு பெரியவரின் ஆதார் அட்டை முன்பக்கத்தோடு வேறு யாருடைய பின்பக்கத்தையோ சேர்த்து, மயிலத்துக்காரரை ஒரே நிமிஷத்தில் மரக்காணத்துக்குக் குடிமாற்றியிருக்கிறேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய் பேங்கில் கொடுத்து, அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஆனால் ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வராது. ஒன்றை இரண்டாக்குவதையே தொழிலாக வைத்திருப்பவன், எடுக்க வேண்டிய காப்பியை எடுக்காமல் விட்டேன். அப்புறமாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எனக்கென்று தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். எல்லா ஊரையும் போல எங்களுக்கும் ஊர் என்று ஒரு பக்கம், காலனி என்று ஒரு பக்கம். நடுவில் தார் ரோடு. ரோட்டின் மேல் பள்ளிக்கூடம், அதை ஒட்டினாற்போல் பால் சொசைட்டி. நான் ஊர்ப் பக்கம்.

போன வருஷம் காணும் பொங்கலன்று வாலிபால் மேட்ச் நடந்தது. கடைசி பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று கேள்வி. பந்தைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள். சாயங்காலம் கல் பறந்தது. மறுநாள் ஒரு வைக்கோல் போர் எரிந்தது, அதற்கு மறுநாள் ஒரு பஸ் கண்ணாடி உடைந்தது. பஸ் நின்றது. போலீஸ் வந்தது. வந்தவர்கள் தங்குவதற்கு ஊரில் இருந்த ஒரே பெரிய கட்டடம் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் இரண்டாம் திருப்புதல் தேர்வு அட்டவணை இருந்த இடத்தில் யாருக்கு எந்த ஷிப்டு என்று டூட்டி லிஸ்ட் ஏறியது. பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. என் மகள் பத்தாவது.

மூன்றாம் நாள் விடியற்காலை ஊர்க் குழுவில் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. “ஊர்ப் பொதுமக்களுக்குத் தெரிவிச்சுக்கிறது இன்னான்னா, அந்தப் பக்கத்து ஆளுங்களோட இனிமே குடுக்கல் வாங்கல் எதுவும் கூடாது. வேலைக்குக் கூப்பிடக் கூடாது. பேச்சும் கூடாது. மீறனவங்க ஊருக்குப் பதில் சொல்லணும்.” பேசி முடித்ததும் பின்னால் ஒரு கோழி கூவியது. கோழியும் சம்மதித்த மாதிரி இருந்தது. குழுவில் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது நான்தான். சீக்கிரம் எழுந்திருக்கிற பழக்கம்.

இங்கே இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். காலனிப் பெண். அப்பா கட்டட வேலை. கணக்கு என்றால் அவளுக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரிப்பது மாதிரி. என் மகளுக்கு விளங்காத கணக்கையெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கடைக்கு வருவார்கள். நான் அவளை “வாங்க டீச்சரம்மா” என்பேன். “போங்க அங்கிள்” என்று வெட்கப்படுவாள். வீட்டுக்கும் வந்திருக்கிறாள். வந்தால் வெளி வராண்டாவோடு சரி. உள்ளே வா என்று நாங்கள் கூப்பிட்டதில்லை, அவளும் கூப்பிடுவோம் என்று எதிர்பார்த்ததில்லை. இதை எழுதும்போதுதான் இதுவும் ஒரு விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வயசுப் பெண்ணுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

பள்ளி மூடி ஒரு வாரம் ஆனபோது கணக்கு டீச்சர் என் கடைக்கு வந்தார். திண்டிவனத்தில் குடியிருப்பவர். கையில் ஒரு தடித்த கட்டு.

“சார், பஸ்ஸு எப்ப விடுவாங்கன்னே தெரியல. நாங்க எல்லா மிஸ்ஸும் சேந்து மாதிரி வினாத்தாள் தயார் பண்ணியிருக்கோம், அஞ்சு பாடத்துக்கும். பத்தாவதுல இருபத்திரண்டு பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு செட்டு போட்டுக் குடுத்துடுங்க. நீங்கதான் தினம் ஊருக்குப் போறவரு.”

போனில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வகுப்புக்கென்று ஒரு குழு இருந்தது. அதில் இரண்டு பக்கத்து அப்பாக்களும் மாறி மாறித் திட்டிக்கொண்டதில் தலைமையாசிரியர் குழுவையே கலைத்துவிட்டார்.

“குடுத்துடலாம் டீச்சர், இது ஒரு வேலையா?” என்றேன்.

“பேரண்ட்ஸ் கிட்ட சொல்லி உக்கார வச்சு எழுத வைங்க சார். இனிமே நீங்கதான் வாத்தியாருங்க.”

அவர் போனதும் மெஷினில் 22 என்று தட்டினேன். பச்சைப் பட்டன் மேல் போன விரல் அப்படியே நின்றது. இருபத்திரண்டு செட்டு எடுத்தால் காலனிப் பிள்ளைகளின் ஒன்பது செட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவதை யாராவது பார்த்தால்? ஊருக்கு என்ன பதில் சொல்வது? அழித்தேன். 13 என்று தட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. கடையில் நானும் மெஷினும்தான் இருந்தோம்.

வீட்டில் மகள் கட்டுகளை எண்ணினாள். அந்த எண்ணும் புத்தியை யார் கொடுத்தார்களோ.

“அவளுக்கு?”

“மெஷின்ல டோனர் பவுடர் தீந்துடுச்சும்மா.”

“இன்னிக்கா?”

“இன்னிக்குத்தான்.”

“கரெக்டா பதிமூணோட தீந்துடுச்சா?”

“மெஷினுக்கு ஆயுசு அவ்ளோதான்.”

சமையல்கட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “மெஷினுக்கா, உங்களுக்கா?”

நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. ஒரு செட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு மாடி ஷெட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. பதிமூன்று பிள்ளைகள், ஏழெட்டுப் பெற்றோர். டீச்சர் சொன்னது என் தலைக்கு ஏறிவிட்டது. பத்தாவதில் கணக்கில் பிழைத்ததே பெரிசு என்கிற நான் தலைமையாசிரியர் ஆனேன். முறை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தோம். டிராக்டர் வைத்திருக்கும் ஒரு அப்பா பரப்பளவு எடுத்தார். எல்லாக் கணக்கையும் சென்ட்டில் முடித்து, கடைசியில் எந்த வட்டத்தின் வரப்பை யார் உள்ளே தள்ளி வெட்டினார்கள் என்று பங்காளிச் சண்டையில் கொண்டுபோய் நிறுத்துவார். என் மனைவி அறிவியல். மஞ்சளைக் கரைத்துத் துணியில் தடவி, அதன்மேல் சோப்பு நீரை விட்டுச் சிவப்பாக்கிக் காட்டினாள். புளித்தண்ணி விட்டதும் மறுபடி மஞ்சளானது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். நாற்பத்தைந்து வயசில் அமிலமும் காரமும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நல்ல புடவைத் துணியை எடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது.

நான் எடுத்தது இயற்கணிதம். “எக்ஸைக் கண்டுபிடி” என்று பலகையில் எழுதிவிட்டு, எங்கே போனது என்று நானும் பிள்ளைகளோடு சேர்ந்து தேடுவேன். விடை வராவிட்டால், “எல்லாரும் கேள்வியை ரெண்டு வாட்டி எழுதுங்க, தானா வரும்” என்பேன். இதுதான் என் கல்விமுறை. எழுதினால் மனசில் நிற்கும் என்பதைவிட, எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளை என்னைக் கேள்வி கேட்காது என்பதுதான் அதன் ரகசியம்.

மாடியிலிருந்து பார்த்தால் காலனியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஊரில் யாரும் களை எடுக்கக் கூப்பிடாததால் அந்தப் பக்கம் பெரியவர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மல்லாட்டைக் கொல்லைகளில் களை மண்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் படிக்கட்டில் பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். என் மகள் எப்போதும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். நான் முதுகைக் காட்டிப் பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். வாத்தியாருக்கு அது ஒரு வசதி.

இரண்டு வாரத்தில் ஓர் ஆச்சரியம் நடந்தது. கணக்கில் தடுமாறுகிற என் மகள் எல்லாக் கணக்கையும் போட ஆரம்பித்தாள். அதுவும் நான் சொன்னபடியே கேள்விகளை இரண்டு முறை எழுதினாள். காலையில் எழுந்ததும் எழுதிக்கொண்டே இருப்பாள். நடுவிரல் ஓரம் காய்த்துப்போயிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். “ஸ்கூலு இன்னாங்க ஸ்கூலு, அப்பன்காரன் உக்கார வச்சா போதும்.” கணக்கு டீச்சர் ஒருநாள் வழியில் பார்த்து, “எல்லாப் பிள்ளைங்களுக்கும் போய்ச் சேந்துதுங்களா சார்?” என்றார். “சேந்துடுச்சு டீச்சர், நம்ம மெத்தட்ல பிச்சிக்கினு போவுது” என்றேன். ஒரே மூச்சில் ஒரு பொய், ஒரு பீற்றல்.

என் மெத்தட்டின் லட்சணம் ஒரு சனிக்கிழமை தெரிந்தது. மகளின் கணக்கு நோட்டை ரசிப்பதற்காகப் புரட்டினேன். கேள்விகள் அவள் கையெழுத்து. விடைகள் அவள் கையெழுத்து இல்லை. விடைகளில் இருந்த ஒவ்வொரு ஏழுக்கும் வயிற்றில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. எங்கள் வீட்டில் யாரும் ஏழுக்கு அரைஞாண் கட்டுவதில்லை. அந்தக் கோட்டை நான் சனிக்கிழமைகளில் என் கடை மேஜையில் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை பால் கேனை நான் தூக்கி வருகிறேன் என்று மகளோடு கிளம்பினேன். “வேணாம்ப்பா, நானே போறேன்” என்று அவள் அவசரப்பட்டதிலேயே தெரிந்துவிட்டது. கட்டுப்பாட்டுக்குப் பிறகு சொசைட்டியில் நேரம் பிரித்திருந்தார்கள். ஆறரை மணிக்கு ஊர், ஏழு மணிக்கு மேல் காலனி. பால் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரே டேங்க்கில்தான் விழுந்தது. அதற்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை. மகள் பாலை ஊற்றிவிட்டு, துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்து, மாதிரிப் பால் பாட்டில்கள் அடுக்கிய பலகைக்குப் பின்னால், சுவர் இடுக்கில் செருகினாள். அதே இடுக்கிலிருந்து இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டாள். இரண்டின் மேலும் சுற்றியிருந்தது என் கடை ஏ-ஃபோர் கட்டின் மெழுகு உறை.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். “எத்தினி நாளா?”

“டோனர் தீந்த நாள்லருந்து.”

நடந்துகொண்டே மனசில் கூட்டிப் பார்த்தேன். அஞ்சு பாடத்துக் கேள்வித்தாளையும் இவள் கையால் ஒரு காப்பி எடுத்திருக்கிறாள். அதை வைத்து அந்தப் பக்கத்து ஒன்பது பேரும் படிக்கிறார்கள். அந்தப் பெண் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறாள். எங்கள் மாடிப் பள்ளிக்கூடத்தின் உண்மையான கணக்கு டீச்சர் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“மாட்டிக்கினா இன்னா ஆவும் தெரியுமா?” என்றேன்.

“நீங்க யார்கிட்டயும் சொல்லாட்டா மாட்ட மாட்டோம்.”

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?”

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நான்கு நாள் தாங்கினேன். எனக்கு அது பெரிய சாதனை.

ஐந்தாம் நாள் காலை டீக்கடை. என் பங்காளி ஒருவன் இருக்கிறான். பெரியப்பா மகன். பேச்சில் என்னைப் போலவே, என்ன, அவனுக்குக் கூட்டம் அதிகம். “இன்னாப்பா, உன் டுட்டோரியல் காலேஜு எப்பிடிப் போவுது? உன் பொண்ணு விரலே தேஞ்சிடுச்சாமே?” என்றான். சுற்றி ஏழெட்டு பேர். எல்லோரும் நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை என்னை எப்போதுமே பேஜாராக்கும். வாய் தானாகத் திறந்தது.

“என் கடை மெஷின் இன்னாடா மெஷினு, என் பொண்ணுதான் மெஷினு. கரண்டு வேணாம், டோனர் வேணாம். இந்தப் பக்கம் ஒரு தாள் போட்டா, அந்தப் பக்கம் ஒண்ணு வந்து விழுது. ரோட்டத் தாண்டி!”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. டீ மாஸ்டர்கூட வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் டீயைக் குடித்துவிட்டு, ஒரு நல்ல வரி சொன்ன திருப்தியோடு கடைக்குப் போனேன். என் பங்காளி சிரிக்கவில்லை என்பது திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது. வந்தும் என்ன செய்தேன்? ஹார்ன் அடித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் பைக்கில் கடைக்குக் கிளம்பினேன். சொசைட்டி வாசலில் எங்கள் ஊர் ஆட்கள் நின்றிருந்தார்கள். அது அவர்கள் நேரம் இல்லை. நடுவில் அந்தப் பெண். அவள் கையில் சுருள். காலையில் என் மகள் செருகியதைப் பார்த்துவிட்டு, இவள் இடுக்கிலிருந்து எடுக்கிற வரைக்கும் காத்திருந்து பிடித்திருக்கிறார்கள். என் பங்காளி அதைப் பிடுங்கி, மெழுகு உறையைக் கிழித்தான். உறையில் கம்பெனி முத்திரையும், ஓரத்தில் நான் கடைப் பெயரை அடித்த ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. அதைச் சுற்றிலும் காட்டினான். அப்புறம் உள்ளே சுருட்டியிருந்த நோட்டை விரித்து, கேன் கழுவுகிற தொட்டியில் போட்டான். பால் கலந்த தண்ணீரில் நீல மை மெதுவாகப் பிரிந்து வந்தது. அவளைப் பார்த்து என்னென்னவோ சொன்னார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. அவள் அழவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பைக்கை நிறுத்தினேன். ஆனால் அணைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இறங்குவேன் என்று நினைத்தாள் போல. ஒரு காலைத் தரையில் ஊன்றியும் இருந்தேன்.

“வாய்யா மெஷினு!” என்றான் என் பங்காளி. “நீ சொன்ன தாளு இந்தா வந்து விழுந்துக்கினு கீது.”

நான் சிரித்தேன்.

எதற்குச் சிரித்தேன் என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் என்று சொல்லலாம். பழக்கம் என்று சொல்லலாம். யாராவது ஏதாவது சொன்னால் என் முகம் தானாக அப்படிப் போகும். எதுவாக இருந்தாலும் அவள் பார்த்தது சிரிப்பைத்தான். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர், “இன்னாய்யா அங்க?” என்று சத்தம் போட்டார். கூட்டம் கலைந்தது. நான் கியரை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றைக்கு மட்டும் ஜல்தியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மதியத்துக்குள் அந்தப் பெண்ணை அவள் அப்பா கண்டமங்கலத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் கோயில் முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். “சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிடுச்சு. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்றேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறுக்கம் தாங்காமல், “இனிமே ரெண்டு மெஷினையும் ஆஃப் பண்ணி வைக்கிறேன்” என்றேன். சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வராண்டாவில் நின்றிருந்தாள்.

“மன்னிப்புக் கேட்டீங்களாமே?”

“கேட்டேன்.”

“யார்கிட்ட?”

என் மனைவி எனக்குச் சோறு போட்டாள். வழக்கமாக அவள் ஏதாவது குத்திச் சொல்வாள். அன்றைக்குக் குத்துகிற அளவுக்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் மகள் மாடிக்கு வரவில்லை. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராய் நின்றுவிட்டார்கள். அதிகாரிகள் வந்து இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி, போலீஸ் கிளம்பி, பள்ளிக்கூடம் திறக்கும்போது தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. தேர்வு நாட்களில் மட்டும் கண்டமங்கலத்திலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே பஸ் மாறித் திண்டிவனம் வந்து எழுதிவிட்டுப் போனாள். “பேசனியா அவகிட்ட?” என்று மகளைக் கேட்டேன். “அது எங்க விஷயம்ப்பா” என்றாள். என் வீட்டில் எனக்குச் சொல்லாத விஷயம் என்று ஒன்று அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

தேர்வு முடிவு வந்தது. இரண்டு பேரும் பாஸ். கணக்கில் என் மகளின் மார்க் அந்தப் பெண்ணின் மார்க்கைவிட அதிகம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மகள் சொன்னாள்: “யார்கிட்டயும் பீத்திக்காதீங்க. அது என் மார்க்கு இல்ல.”

வாலிபால் சண்டை போட்டவர்கள் சித்திரையில் ஒன்றாகச் சேர்ந்து மறுபடி வலை கட்டிவிட்டார்கள். களை எடுக்கவும் கூப்பிட்டார்கள், அவர்களும் வந்தார்கள். என் பங்காளி தேர்தல் வேலையில் மும்முரமானான். எல்லோருக்கும் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று என் கடைக்கு வந்த நல்ல நல்ல நோட்ஸ்களையெல்லாம் தனியாக ஒரு காப்பி எடுத்து, ஸ்பைரல் போட்டு, பிளாஸ்டிக் அட்டை வைத்து, மேஜைக்குக் கீழே வைத்தேன். மெஷினுக்கு டோனர் வாங்க விழுப்புரம் போகிற அன்றைக்கு அதைப் பையில் எடுத்துப் போனேன். அங்கிருந்து பாண்டி பஸ் பிடித்துக் கண்டமங்கலத்தில் இறங்கினேன். சின்னம்மா வீடு எந்தத் தெரு என்று யாரைக் கேட்பது? கேட்டால் நீங்கள் யார் என்பார்கள். என்ன சொல்வது? ஸ்டாப்பிங்கில் ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது. யோசித்துக்கொண்டே நாலு பஜ்ஜி தின்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி போனேன். அதே கடை. பஜ்ஜிக்காரர், “இந்தப் பக்கம் எதுனா இடம் பாக்கறீங்களா சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

பிறகு, அவளே வந்தாள். ஜூன் மாதம், பள்ளிச் சேர்க்கை நேரம். தாலுகா ஆபீஸ் ரோடு முழுக்கக் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் இருப்பது என் கடையில் மட்டும்தான். சான்றிதழ் வேலையாக வந்திருப்பாள். பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு, அவர்கள் கை காட்டி அனுப்பித்தான் வந்தாள் என்பது அவள் வாசலில் தயங்கியதிலேயே தெரிந்தது. கொஞ்சம் உயர்ந்திருந்தாள். அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிழலில் நின்றார்.

மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் நீட்டினாள். “ரெண்டு ரெண்டு காப்பி.”

எடுத்தேன். தாள் சூடாக வந்து விழுந்தது. உள்ளங்கை உள்ளே போகாமல் மூடியைப் பார்த்து மூடினேன். வாங்க டீச்சரம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன். அந்த ஒரு தடவைதான் என் வாழ்க்கையில் ஒரு வரியை விழுங்கினேன்.

“எங்கம்மா சேரப் போற?”

“விழுப்புரத்துல.”

“கணக்கு குரூப்பா?”

தலையை ஆட்டினாள்.

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து அந்த ஸ்பைரல் கட்டை எடுத்து வைத்தேன். தூசியைத் துடைத்தேன். இத்தனை மாதம் பேசிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், தொழில்காரன் பேச்சுதான் வந்தது.

“இது உனக்குத்தாம்மா எடுத்து வச்சேன். பிளஸ் ஒன்னு, எல்லா நோட்ஸும் இருக்குது. இன்னும் எது வேணும்னாலும் சொல்லு, எவ்ளோ பக்கம் இருந்தாலும் போட்டுத் தர்றேன். அன்னிக்கு… அன்னிக்கு டோனர் இருந்துச்சும்மா. நான்தான் போடல.”

அவள் கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சிரிக்காமல் இருக்க முயன்றேன். அவள் தன் நாலு தாளையும் மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்து, ஸ்பைரல் கட்டை விரலால் என் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

“வேணாம் சார், நான் கையாலயே எழுதிக்கறேன்.”